செலவழிக்க முடியாத திருட்டு

2016 ஆகஸ்ட் 2 அன்று, ஹாங்காங்கை மையமாகக் கொண்டு இயங்கிய பிட்ஃபினெக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் கணக்குகளிலிருந்து 1,19,754 பிட்காயின்கள் காணாமல் போயின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்திருந்தன. எல்லாம் போய்ச் சேர்ந்தது ஒரே ஆளின் பிடியில். அன்றைய விலைக்கு சுமார் 7.2 கோடி டாலர், நம் கணக்கில் 480 கோடி ரூபாய். செய்தி பரவியதும் பிட்காயின் விலை ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது.

பிட்காயின் என்பது ஒரு பேரேட்டு வரி. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் அந்தப் பேரேட்டை ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கின்றன. இந்த முகவரியில் இத்தனை இருப்பு என்று அதில் இருக்கும். அந்த முகவரிக்குரிய ரகசியச் சாவி, அதாவது ஒரு நீண்ட எண், யாரிடம் இருக்கிறதோ அவர் இருப்பை வேறு முகவரிக்கு மாற்றி எழுதலாம். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் பக்கம் சேரும். சேர்ந்த பக்கத்தை யாராலும் கிழிக்க முடியாது. ஆட்களின் பெயர் அதில் கிடையாது, முகவரிகள் மட்டும்தான். ஆனால் அதை எவரும் எப்போதும் புரட்டிப் பார்க்கலாம். வங்கிக் கொள்ளையில் பணம் போன வழியை அறிய விசாரணை அதிகாரி வங்கி வங்கியாக ஏறி இறங்க வேண்டும். இங்கே கையில் ஒரு கணினி இருந்தால் போதும்.

ஆகவே ஆகஸ்ட் 2 இரவு நடந்தது விசித்திரமான திருட்டு. பொருள் பறிபோனது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று உலகத்துக்கே தெரியும். யார் கையில் என்பது மட்டும்தான் தெரியாது.

பிட்ஃபினெக்ஸ் பூட்டு போடாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளர் கணக்குக்கும் மூன்று சாவிகள். பணம் நகர அவற்றில் இரண்டின் கையெழுத்து வேண்டும். ஒரு சாவி கலிஃபோர்னியாவின் பிட்கோ நிறுவனத்திடம் இருந்தது. இரண்டு கம்பெனிகளையும் ஒரே நேரத்தில் உடைத்தால்தான் திருட முடியும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை, நடைமுறையில்தான் ஓட்டை. பிட்ஃபினெக்ஸின் கணினி வலைக்குள் ஊடுருவியவர் அங்கிருந்தே கோரிக்கைகளை அனுப்பினார். வருவது வழக்கமான இடத்திலிருந்துதானே என்று மறுபக்கத்து இயந்திரம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பூட்டுக்காரர்களும் இயந்திரங்கள் என்றால், ஒன்றை ஏமாற்றினால் மற்றொன்றும் ஏமாந்துவிடும். வேலை முடிந்ததும் ஊடுருவியவர் உள்நுழைவு விவரங்களையும் பதிவுக் கோப்புகளையும் அழித்துவிட்டு வெளியேறினார். தன் காலடித் தடத்தை அழிக்க அவரால் முடிந்தது. பேரேட்டில் ஒரு வரியைக்கூட அழிக்க முடியவில்லை.

இழப்பை யார் தலையில் கட்டுவது? பிட்ஃபினெக்ஸ் அதிரடியாக ஒரு முடிவெடுத்தது. யாருடைய நாணயம் திருடு போயிற்று என்று பார்க்கவில்லை. பிட்காயினே வைத்திராதவர் உட்பட, எல்லா வாடிக்கையாளர்களின் இருப்பிலும் 36 சதவீதத்தைக் கழித்தது. கழித்த தொகைக்கு ஈடாக, டாலருக்கு ஒன்று வீதம் பி.எஃப்.எக்ஸ் என்ற டோக்கனைக் கொடுத்தது. ஒரு வகையில் கைமாற்றுச் சீட்டு. நம்பிக்கை இல்லாதவர்கள் அதைச் சந்தையில் பாதி விலைக்கும் அதற்குக் கீழேயும் விற்றுவிட்டுப் போனார்கள். பொறுத்திருந்தவர்களுக்கு 2017 ஏப்ரலுக்குள் டாலருக்கு டாலர் கிடைத்தது.

இதே கேள்வி பிற்பாடு சென்னைக்கும் வந்தது. 2024 ஜூலை 18 அன்று இந்திய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் திருடப்பட்டன. அந்த நிறுவனமும் இழப்பை எல்லோருக்கும் பங்கிடப் பார்த்தது. சென்னையிலிருந்து பணம் கட்டி, சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்.ஆர்.பி நாணயம் வாங்கியிருந்த வாடிக்கையாளர் ஒருவர் வழக்குப் போட்டார். திருடு போனது வேறு வகை டோக்கன், என்னுடையதைத் தொடவே இல்லையே என்பது அவர் வாதம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயமும் சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்து, வழக்காடியவரின் பக்கம் நின்றார். 2016-இல் பிட்ஃபினெக்ஸ் வாடிக்கையாளர்களுக்கு இப்படிப் பேச ஒரு நீதிமன்றம் வாய்க்கவில்லை.

நாணயங்களுக்குத் திரும்புவோம். முதல் ஐந்து மாதங்கள் அவை அசையவில்லை. 2017 ஜனவரியில் சிறு சிறு துண்டுகளாக நகரத் தொடங்கின. நகர்ந்த விதத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. பெரிய இருப்பு ஒன்றிலிருந்து கொஞ்சம் கிள்ளி ஓரிடத்துக்கு அனுப்புவது. மிச்சத்தை அப்படியே புதிய முகவரிக்கு மாற்றுவது. அங்கிருந்து மறுபடி கிள்ளுவது. ஆயிரக்கணக்கான முறை இப்படிச் செய்ய மனிதக் கைக்கு நேரம் ஏது, அதற்கென்று நிரல் எழுதப்பட்டிருந்தது. பின்தொடர்பவர் சலித்துப்போக வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் பின்தொடர்பவரும் நிரல்தான் வைத்திருக்கிறார். 2014-இல் தொடங்கிய செயினாலிசிஸ் போன்ற நிறுவனங்களின் தொழிலே இதுதான். மனிதனைச் சலிக்க வைக்கும் தந்திரம் கணினியிடம் பலிக்காது.

அடுத்து வந்த தந்திரம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. கிள்ளிய துண்டுகள் ஆல்ஃபாபே என்ற டார்க்நெட் சந்தைக்குள் போயின. போதைப்பொருளும் திருட்டு அட்டை விவரங்களும் விற்கும் கடை அது. அங்கே எதையும் வாங்க வேண்டியதில்லை. கணக்கில் பிட்காயின் போடு, பிறகு எடு. போட்டது ஒரு நாணயம், எடுப்பது வேறு யாரோ போட்ட நாணயம். பேரேட்டில் பார்ப்பவருக்கு நூல் அந்த இடத்தில் அறுந்துவிடும். உண்டியல் கடைக்காரர் ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பாரே, அதன் கணினி வடிவம் இது.

ஆனால் உண்டியல்காரரும் குறிப்பு எழுதி வைக்கிற ஆள்தான். 2017 ஜூலையில் ஆல்ஃபாபே முடக்கப்பட்டது. அதை நடத்திவந்த கனடாக்காரர் பாங்காக்கில் கைதாகி, ஒரு வாரத்தில் சிறையறையில் இறந்து கிடந்தார். சந்தையின் சர்வர்கள் அதிகாரிகள் வசமாயின. பிட்ஃபினெக்ஸ் நாணயங்கள் அதற்குள் போய் எந்தப் பக்கமாக வெளியே வந்தன என்பதைப் புலனாய்வாளர்கள் தடம் பிடித்தனர். அறுந்த நூலுக்கு முடிச்சு விழுந்தது.

வெளியே வந்த துண்டுகள் சாதாரண எக்ஸ்சேஞ்சுகளுக்குப் போயிருந்தன. போலிப் பெயர்களில் வரிசையாகக் கணக்குகள். அவற்றில் ஒரு கொத்துக் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் இந்தியாவில் உள்ள ஒரே மின்னஞ்சல் சேவையில் திறக்கப்பட்டவை. தனித்தனி ஆள் போலக் காட்ட எடுத்த முயற்சி, எல்லோரும் ஒரே ஆள்தான் என்று காட்டிக்கொடுத்தது. எக்ஸ்சேஞ்சுக்குச் சந்தேகம் வந்து அடையாளச் சான்று கேட்டது. பதில் இல்லை. கணக்குகள் முடக்கப்பட்டன. லட்சம் டாலருக்கும் மேல் உள்ளே சிக்கிக்கொண்டது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. என் பணத்தைக் கொடு என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா?

எனக்கு இந்த இடம்தான் முழுக் கதையின் அச்சாணி என்று படுகிறது. திருட ஓர் இரவு போதும். செலவழிக்க ஐந்தரை ஆண்டுகள் போதவில்லை. ஒவ்வொரு துண்டும் என்றாவது ஒருநாள் பெயரும் முகவரியும் உள்ள ஒரு மனிதரிடம் போய் முடிந்தாக வேண்டும். வாடகை கட்ட, மளிகை வாங்க, டாக்ஸிக்குக் கொடுக்க. தொழில்நுட்பம் கெட்டிக்காரத்தனமாக இருந்த தூரம்வரை திருடியவர் பிடிபடவில்லை.

இதற்கிடையே தொடாமல் விட்ட நாணயங்கள் தாமாக வளர்ந்தன. 2017 ஆகஸ்டில் பிட்காயின் பேரேடு இரண்டாகப் பிரிந்து பிட்காயின் கேஷ் என்ற புது நாணயம் பிறந்தபோது, பழைய நாணயம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அதே எண்ணிக்கையில் புதியதும் கிடைத்தது. திருட்டு நாணயமா நேர்மையான நாணயமா என்று பேரேடு பார்ப்பதில்லை, அதற்கும் ஒரு பிரதி கிடைத்தது. விலையோ கண்மண் தெரியாமல் ஏறியது. 2016-இல் 600 டாலர் இருந்த ஒரு பிட்காயின், 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது. ஏழு கோடி டாலர் திருட்டு எண்ணூறு கோடி டாலர் திருட்டாக மாறியது, திருடியவர் ஒரு விரலைக்கூட அசைக்காமல். இது அவருக்கு வரமல்ல. தொகை ஏற ஏறத் தேடுபவர்களும் பெருகினார்கள்.

2020 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் 40 கோடி டாலர் வரை வெகுமதி அறிவித்தது. அதில் ஒரு வேடிக்கை. திருடியவரே முன்வந்து திருப்பிக் கொடுத்தாலும் மீட்ட தொகையில் 25 சதவீதம் அவருக்குக் கிடைக்கும் என்றது. திருடியவர் ஏற்கவில்லை.

அந்த ஆண்டு மே மாதமே அவரைக் கவிழ்க்கும் ஒரு சிறு காரியம் நடந்திருந்தது. திருட்டு நாணயத்தின் ஒரு துளி, எத்தனையோ முகவரி தாண்டி, பரிசு அட்டை விற்கும் ஓர் இணையதளத்துக்கு வந்தது. வாங்கப்பட்டது 500 டாலர் மதிப்புள்ள வால்மார்ட் பரிசு அட்டை. அட்டை போன மின்னஞ்சல் ரஷ்யச் சேவை ஒன்றில் இருந்தது. அதுவரை எல்லாம் ஜாக்கிரதை. பிறகு அந்த அட்டை வால்மார்ட்டின் கைபேசிச் செயலியில் பயன்படுத்தப்பட்டது. செயலியில் இருந்த பெயர் ஹெதர் மார்கன். பொருட்களைக் கொண்டுவரச் சொன்ன முகவரி அவரும் கணவர் இல்யா லிக்டன்ஸ்டைனும் குடியிருந்த வீடு. ஊபர், ஹோட்டல்ஸ் டாட் காம், பிளேஸ்டேஷன் அட்டைகளும் இப்படியே வாங்கப்பட்டிருந்தன. நானூற்றெண்பது கோடி ரூபாயைத் தூக்கியவர், கடை அட்டையில் மாட்டினார்.

லிக்டன்ஸ்டைன் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். மென்பொருள் நிறுவனம் ஒன்றை உடன்நிறுவியவர். மார்கன் விற்பனை மின்னஞ்சல் எழுதிக்கொடுக்கும் தொழில் நடத்தியவர். ரேஸில்கான் என்ற பெயரில் ராப் பாடல்கள் போட்டுக்கொண்டிருந்தார், அவை எப்படி இருக்கும் என்று ஆர்வமுள்ளவர்கள் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம், நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோர்ப்ஸ் தளத்திலும் எழுதிவந்தார். 2020-இல் எழுதிய ஒரு கட்டுரையின் பொருள், தொழில் நடத்துபவர்கள் இணையக் குற்றவாளிகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்வது எப்படி என்பது. எக்ஸ்சேஞ்சுகள் பணம் வந்த வழியைக் கேட்டபோது அவர் சொன்ன பதில், காதலராக இருந்த காலத்தில் கணவர் தந்த கிரிப்டோ பரிசு அது, பத்திரமாக வைத்திருந்தேன் என்பதுதான்.

நாணயங்கள் இதற்குள் பல உருவம் எடுத்திருந்தன. கொஞ்சம், யார் யாருக்கு அனுப்பினார் என்று வெளியே தெரியாத மொனேரோ நாணயமாக மாறியது. கொஞ்சம், பல பேரின் நாணயங்களைக் கலந்து திருப்பித் தரும் மிக்சர்களில் புகுந்து புறப்பட்டது. கொஞ்சம் தங்கக் காசுகளாயிற்று. அந்தக் காசுகளை மார்கன் மண்ணில் புதைத்து வைத்தார். இருபத்தோராம் நூற்றாண்டின் உச்சத் தொழில்நுட்பத்தில் புறப்பட்ட பணம், நம் தாத்தாக்கள் செய்ததைப் போலக் குழி தோண்டிப் பதுக்கப்பட்டது.

2022 ஜனவரி 5 அன்று, நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் இருந்த அவர்களின் அடுக்குமாடி வீட்டுக்கு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். தம்பதியர் வெளியே போகலாம் என்றார்கள். பூனையைக் கையோடு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள் இவர்கள். பூனையின் பெயர் கிளாரிசா. அது கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. மார்கன் கட்டிலருகே குனிந்து பூனையைக் கூப்பிட்டபடியே, பக்கத்து மேசை மேலிருந்த கைபேசியை எட்டி எடுத்து, பூட்டும் பொத்தானை விடாமல் அழுத்தினார். திறந்திருக்கும் கைபேசி பூட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது அதிகாரிகளுக்குக் கிடைக்காது. அவர்கள் அதை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியதாயிற்று. கட்டிலடியில் பையொன்றில், தூக்கியெறியும் கைபேசி என்று பொருள்பட எழுதி ஒட்டிய ஒரு சிறு உறை. அறையில் நடுப்பக்கங்கள் வெட்டியெடுக்கப்பட்டுக் குழிவான புத்தகங்கள். 40,000 டாலர் ரொக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்னணுச் சாதனங்கள்.

சாவிகள் மட்டும் அந்த வீட்டில் கிடைக்கவில்லை. அவை லிக்டன்ஸ்டைனின் இணையச் சேமிப்புக் கணக்கில் ஒரு கோப்பாக இருந்தன. கோப்பு சங்கேதமாக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அது அமெரிக்க நீதிமன்ற ஆணைக்கு உட்பட்ட ஒரு கம்பெனியின் சர்வரில்தான் கிடந்தது. பாஸ்போர்ட் யோசனைகள் என்று பெயரிட்ட இன்னொரு கோப்பும் அங்கேயே. ஜனவரி 31 அன்று அதிகாரிகள் சங்கேதத்தை உடைத்தார்கள். இரண்டாயிரம் முகவரிகளும் அவற்றின் சாவிகளும் பட்டியலாக விரிந்தன. மறுநாளே அந்த முகவரிகளில் இருந்த 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் அரசின் முகவரிக்கு மாறின. பேரேட்டைக் கவனித்துக்கொண்டிருந்த பலர் அதைப் பார்த்துவிட்டார்கள். திருடன்தான் நகர்த்துகிறான் என்று ஊகம் பறந்தது. பிப்ரவரி 8 அன்று கைதுச் செய்தி வந்த பிறகே, நகர்த்தியது அரசு என்று உலகத்துக்குத் தெரிந்தது. பறிமுதலின்போது அவற்றின் மதிப்பு 360 கோடி டாலர். அமெரிக்க நீதித்துறை அதுவரை செய்ததிலேயே மிகப்பெரிய நிதிப் பறிமுதல்.

அதாவது மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு நாணயங்கள் எங்கும் பயணம் போகவே இல்லை. திருடிய அன்று உட்கார்ந்த இடத்திலேயே ஐந்தரை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தன. நகர்ந்தவை சுமார் 25,000.

2023 ஆகஸ்டில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஊடுருவியது தானே என்று லிக்டன்ஸ்டைன் அப்போதுதான் நீதிமன்றத்தில் சொன்னார். தண்டனை கிடைத்தது திருட்டுக்கு அல்ல, கறுப்பை வெள்ளையாக்கச் சதி செய்ததற்கு. விசாரணைகளில் அரசுக்கு உதவினார், மிக்சர் நடத்திய ஒருவரின் வழக்கில் சாட்சி சொன்னார். 2024 நவம்பரில் அவருக்கு ஐந்தாண்டு, மார்கனுக்குப் பதினெட்டு மாதம்.

இந்த வழக்கைக் காட்டி, பிளாக்செயின் எனப்படும் இந்தப் பேரேட்டில் திருடினால் தப்ப முடியாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு நிச்சயமாக இல்லை. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற நாணயம் போனது. கையெழுத்திடும் அதிகாரிகள் திரையில் பார்த்தது ஒன்று, கையெழுத்துப் போட்டது வேறொன்று. திரையையே மாற்றி வைத்திருந்தார்கள். வட கொரியாதான் செய்தது என்று எஃப்.பி.ஐ வெளிப்படையாக அறிவித்தது. அங்கே யாரும் ஐந்தாண்டு காத்திருக்கவில்லை. ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றித் தரும், அடையாளம் கேட்க ஆளே இல்லாத தோர்செயின் போன்ற தானியங்கிச் சந்தைகள் வழியாகப் பத்தே நாட்களில் உருமாற்றிவிட்டார்கள். பேரேடு அதையும் எழுதி வைத்திருக்கிறது. படிக்கிறவர்கள் படித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் திருடருக்கு வால்மார்ட் அட்டை வேண்டாம், வால் ஸ்ட்ரீட்டில் வீடும் வேண்டாம். சோதனைக்குப் போக வீட்டு முகவரி இல்லாத திருடரிடம் பேரேட்டின் நினைவாற்றல் என்ன செய்யும்? பிட்ஃபினெக்ஸ் வழக்கில் வென்றது பேரேடு பாதி, நியூயார்க்கில் வாழ ஆசைப்பட்ட இருவரின் பலவீனம் பாதி.

2025 ஜனவரியில், பறிமுதலான நாணயங்களைப் பணமாக்காமல் நாணயமாகவே பிட்ஃபினெக்ஸிடம் ஒப்படைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த நிறுவனம் 2019-இல் லியோ என்ற டோக்கனை வெளியிட்டு நூறு கோடி டாலர் திரட்டியிருந்தது. திருட்டு நாணயம் மீண்டால், நிகரத் தொகையில் 80 சதவீதத்துக்கு இந்த டோக்கன்களைத் திரும்ப வாங்கி அழிப்போம் என்று அப்போது வாக்குக் கொடுத்திருந்தது. வாங்கி அழித்தால் மிச்சமுள்ள லியோக்களின் விலை ஏறும். பழைய பி.எஃப்.எக்ஸ் டோக்கன்களை நிறுவனத்தின் பங்காக மாற்றிக்கொண்டவர்களுக்கும், அப்போது தந்த மீட்புரிமை டோக்கன் வழியே ஒரு பகுதி உண்டு. 2016 ஆகஸ்டில் ஒரே ஒரு பிட்காயின் வைத்திருந்து, கழிவுக்கு ஈடாகச் சுமார் 200 டாலரை வாங்கிக்கொண்டு கணக்கு முடித்தவருக்கு எதுவும் இல்லை. அவரிடமிருந்து கழிக்கப்பட்ட 0.36 பிட்காயினின் மதிப்பு, ஆணை வந்த வாரத்தில் முப்பதாயிரம் டாலருக்கு மேல்.